விறகு குறைந்த மார்கழி

"அம்மா, விறகு திருட்டுப் போகுது."

மருதையா வந்து சொன்னபோது தில்லையம்மை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மலைமேல் இருந்த அந்த மடத்துக்கு அவர்தான் குரு. மருதையா அவரைவிட வயதில் மூத்த சீடர். விறகுக் கொட்டகை அவர் பொறுப்பு.

"யார் எடுக்கறா?"

"வேற யாரு? இருளப்பன்தான். ஜெயிலுக்குப் போய் வந்தவன்னு தெரிஞ்சேதானே சேர்த்தீங்க."

"எடுக்கறதைப் பார்த்தீங்களா?"

"இல்ல. கெட்டிக்காரன், மாட்டமாட்டேங்கறான்."

"அப்ப கெட்டிக்காரன்தான்."

"சிரிக்காதீங்கம்மா. இப்படியே போனா மார்கழி முடியறதுக்குள்ள கொட்டகை காலி. வயசானவங்க குளிர்ல விறைச்சுப் போவாங்க. அவனை அனுப்பிடுங்க."

இந்த மடத்தை விட்டால் இருளப்பனுக்குப் போக்கிடம் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

"கூடத்துக் கணப்புல யார் விறகு போடறது?"

"குளிர்றவங்க எழுந்து போட்டுக்குவாங்க. யாரும் ஏன்னு கேக்கறதில்ல. நம்ம வழக்கம்தானே."

தில்லையம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"வாங்க. திருடனைப் பிடிப்போம்."

வாசலில் இருளப்பன் நின்றிருந்தான். கையில் துணிமூட்டை. பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அதுக்குள்ள மூட்டை கட்டிட்டான், பாருங்க" என்றார் மருதையா.

"கொஞ்சம் இருப்பா" என்றார் தில்லையம்மை.

வயதானவர்கள் படுக்கும் கூடத்துக்குள் போனார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மண்சுவரை ஒட்டி மெதுவாக நடந்தார். மருதையா பின்னாலேயே போனார். இங்கே சாமி படம்கூட இல்லையே, இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?

புகை நேராக மேலே போனது.

மருதையாவின் பாய் கிடந்த மூலையில் ஒரு சாக்குத் திரை. அதன் பக்கம் வந்ததும் புகை சாய்ந்தது. சாய்ந்து, கூடத்துக்குள் ஓடியது.

தில்லையம்மை சாக்கை விலக்கினார். சுவரில் கை நுழைகிற ஓட்டை. பக்கத்தில் இன்னும் இரண்டு. பனிக்காற்று முகத்தில் அடித்தது.

"இது என்ன?"

"நான் போட்டதும்மா. கொட்டகையைப் பார்க்கறதுக்கு."

"இது?"

"கொட்டகைக் கதவு இதுலதான் தெரியும்."

"இது?"



"மாட்டுக்கொட்டில்ல அவன் படுக்கற இடம் தெரியும்."

"எப்பப் போட்டீங்க?"

"அவன் வந்த அன்னைக்கே."

"விறகு எப்பலேர்ந்து குறையுது?"

மருதையா கணப்பைத் திரும்பிப் பார்த்தார். அதில் சாம்பல் குவிந்து கிடந்தது.

ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. மருதையா குனிந்து ஒரு ஓட்டையை உள்ளங்கையால் அடைத்தார். இன்னொன்றை மற்றக் கையால் அடைத்தார். புகை கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனாலும் ஆடிக்கொண்டே இருந்தது.

வாசலிலிருந்து குரல் வந்தது.

"நான் கிளம்பட்டுங்களா?"

மருதையா திரும்பவில்லை. கைகளையும் எடுக்கவில்லை.

"உள்ள வாப்பா" என்றார். "எனக்கு ரெண்டு கை பத்தல."