மரப்பாதத்துக்கு வலிக்கவில்லை

முன்பொரு சமயம், சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைத்த ரெஜினா என்பவளின் வலது பாதத்தில் ஐந்து விரல்கள் குடியிருந்தன. கடைசி வீடு சுண்டுவிரலுடையது. சிறிய வீடுதான் என்றாலும் காற்றோட்டமானது.

பதவி உயர்வு கிடைத்த வாரம் ரெஜினா முனை கூரான கறுப்பு ஷூ ஒன்று வாங்கினாள். பெட்டிக்குள் ஒரு மரப்பாதமும் கூடவே வந்தது. எந்த அச்சில் அந்த ஷூவைத் தைத்தார்களோ, அச்சு அசலாக அதே வடிவம். ஷூவைக் கழற்றியதும், வடிவம் கெடாமலிருக்க அதை உள்ளே செருகி வைக்க வேண்டும்.

முதல் நாளே சுண்டுவிரலுக்கு மூச்சு முட்டியது.

"கொஞ்சம் தள்ளிக்கொள்கிறீர்களா?" என்று ஷூவிடம் கேட்டது.

"நான் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறேன். நீதான் வெளியே நிற்கிறாய்."

"பிறந்ததிலிருந்து இங்கேதானே இருக்கிறேன்?"

"அதுதான் கோளாறு. பழைய ஏற்பாடு."

"சும்மா இருடா சுண்டு, போகப் போகப் பழகிவிடும்" என்றது பெருவிரல். அதற்கென்ன, அதற்கு இடம் இருந்தது.

அந்த அலுவலகத்தில் தினமும் காலையில் நின்றுகொண்டே பேசும் கூட்டம் ஒன்று உண்டு. உட்கார்ந்தால் பேச்சு வளருமாம். யாருக்கு என்ன தடை என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். உண்மையில் நின்றுகொண்டிருந்த கால்விரல்களை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அன்றைய கூட்டத்தில் ரெஜினாவுடன் வேலை பார்க்கும் முபாரக், அவர்கள் எழுதிய ஒரு செயலியைப் பற்றி வந்த புகாரைச் சொன்னான். பீடித் தொழிலாளர்கள் விரல்ரேகை வைத்து உதவித்தொகை வாங்குவதற்கான செயலி அது.

"பீடி சுத்திச் சுத்தி அந்தம்மாங்களுக்கு ரேகையே தேஞ்சு போச்சு ரெஜினா. விரல வச்சா திறக்கவே மாட்டேங்குதாம்."

"நம்ம ஆபீஸ்ல எல்லார் விரலையும் வச்சுப் பாத்தாச்சுப்பா. எல்லாம் பச்சை, பாஸ். செயலியில ஒண்ணுமில்ல, அவங்க விரல்லதான்."

கீழே ஷூ இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டது. சுண்டுவிரலும் கேட்டது. முகம் தெரியாத அந்த விரல்கள் தன் சொந்தக்காரர்கள் என்று அதற்குத் தோன்றியது. தன்னால் முடிந்த ஒரே வேலையைச் செய்தது: பலம்கொண்ட மட்டும் வலித்தது.

ரெஜினா முகத்தைச் சுளித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். மதியம் விரலைச் சுற்றி ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். கோளாறைத் திருத்தாமல் அதன்மேல் ஒன்றை ஒட்டிவிடுவது அவள் தொழிலில் மரியாதைக்குரிய வழக்கம். ஒட்டியதன் தடிமன் அளவுக்கு இடம் இன்னும் குறைந்தது.

மாலையில் ஷூ பெருந்தன்மையாகச் சொன்னது: "உனக்கு நியாயம்தானே வேண்டும்? மரப்பாதத்தையே கேட்டுவிடுவோம்."

மரப்பாதம் ஷூவுக்குள் நுழைந்து சாவகாசமாக உட்கார்ந்தது.

"ஐயா, அந்த ஓரத்தில் வலிக்கிறதா?" என்றது சுண்டுவிரல்.

"இல்லையே. கச்சிதம்."

"உங்களுக்கு விரலே பிரிக்கவில்லையே ஐயா!"

"அதனால்தான் எனக்கு விரல் தகராறு இல்லை."

"நீங்கள் நடப்பதும் இல்லை."

"நடந்தால் தேய்ந்துவிடுவேன். அளவுகோல் தேயலாமா?"

நீ சொல்லும் வலியை எங்களால் வரவழைக்க முடியவில்லை, ஆகவே அது இல்லை என்று தீர்ப்பானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெஜினா கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தாள். ஈரமணல். ஷூவின் மெத்தையில் சாய்ந்தே பழகிய உள்ளங்கால் வளைவு, தன் பாரத்தைத் தானே தாங்க வேண்டிவந்ததும் நடுங்கியது. நான்காம் விரல் மெல்ல விலகி வழிவிட்டது. சுண்டுவிரல் விரியப் பார்த்தது, முழுதாக முடியவில்லை. ஆனாலும் துளி மணலைப் பற்றிக்கொண்டது. தினமும் இப்படி விட்டால் நிமிர்ந்துவிடுவேன் என்று அதற்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வெறுங்கால்ல நடந்தா எவ்ளோ சொகம்!" என்றாள் ரெஜினா. மறுநாள் வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. ஷூவைப் போட்டுக்கொண்டாள்.

மாதங்கள் போயின. சுண்டுவிரல் மடங்கி, நான்காம் விரலுக்கு அடியில் ஒண்டிக் குடித்தனம் நடத்தியது. பிறகு ஒருநாள் அதற்கு உணர்வே போய்விட்டது.

அன்று காலைக் கூட்டத்தில் முபாரக், "அந்த விரல்ரேகைப் புகார் இப்ப வர்றதில்ல" என்றான்.

"நான்தான் சொன்னேனே."

"சரியாகலம்மா. அவங்க விரல் வைக்கிறதையே விட்டுட்டாங்க. பணமும் வாங்குறதில்ல."

"புகார் இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப புகார மூடிடு."

கீழே சுண்டுவிரல் வலிக்க முயன்றது. உள்ளதையெல்லாம் திரட்டி முயன்றது. மேலே ரெஜினா நேராக நின்று, சிரித்த முகமாக அடுத்த விஷயத்துக்குப் போனாள்.

மாலையில் ஷூ கழன்றது. மரப்பாதம் குனிந்து, மடங்கி வழவழத்துப் போயிருந்த சுண்டுவிரலை நெடுநேரம் பார்த்தது.

"இப்போது வலிக்கிறதா?"

"இல்லை ஐயா."

"ஐயா என்ன ஐயா?" என்றது மரப்பாதம் வாஞ்சையோடு. "இனிமேல் அண்ணன் என்றே கூப்பிடு."