சூடு போகும் இடம்

“அம்மா, உங்க மண்டபத்துல உட்கார்ந்தா கடவுள் தெரியலை. வேர்வைதான் தெரியுது.”

இப்படிக் குறை சொன்னவர் பெயர் தில்லைநாயகம். வயது ஐம்பத்தெட்டு. பெரிய பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதன வசதி செய்துதரும் சென்னை நிறுவனம் ஒன்றில் தலைமைப் பொறியாளர்.

குறையைக் கேட்டுக்கொண்டவர் மரகதம். அவரைவிடப் பதினைந்து வயது சிறியவர். வேலூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில், சின்னதாக ஒரு தியான மடம் நடத்தி வந்தார். வயது என்னவாக இருந்தாலும் அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அம்மாதான்.

மே மாதம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

“வேர்த்தா துடைச்சுக்குங்க ஐயா,” என்றார் மரகதம்.

“துடைச்சேன். மறுபடியும் வேர்க்குது.”

“மறுபடியும் துடைச்சுக்குங்க.”

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாகப் பாதிச் சென்னையைக் குளிர வைத்தவர் அவர். அவருக்குப் போய்த் துண்டு சிபாரிசு செய்கிறார்களே!

“நீங்க வந்தது எதுக்கு ஐயா? அதைச் சொல்லுங்க.”

“மனசு ஆறணும்மா. திங்கக்கிழமை ஒரு கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள ஆறணும்.”

“என்ன கையெழுத்து?”

அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. தன் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்குத்தான் தெளியாது?

“இருபத்திரண்டு மாடிக் கட்டடம்மா. சுவிட்சே கிடையாது. கட்டடமே எல்லாத்தையும் பார்த்துக்கும். நாளைக்கு எவ்வளவு வெயில் அடிக்கும்னு அதுக்கு இன்னிக்கே தெரியும். எந்த நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்கு எவ்வளவு குளிர் பிடிக்கும், எல்லாம் தெரியும். ஆள் வர்றதுக்கு முன்னாடியே அந்த இடத்தைக் குளிர வெச்சிரும். இனிமே வரப்போற கட்டடம் எல்லாம் இப்படித்தான்.”

“எல்லாம் தெரியுமா?”

“உள்ளே இருக்கறவங்களைப் பத்தி எல்லாமே தெரியும்மா. நான் கையெழுத்துப் போட்டா இதே வரைபடத்தை வெச்சு இன்னும் முப்பது ஊர்ல கட்டப் போறாங்க.”

“நல்ல காரியம்தானே. அப்புறம் மனசு ஏன் ஆறலை?”

தில்லைநாயகம் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

“ஒண்ணும் பெரிசா இல்லைம்மா. கட்டடத்துக்குப் பின்னால ஒரு சந்து. அங்கே பதினாறு வீடு, தகரக் கூரை போட்டது. உள்ளே இருக்கற சூட்டை வெளியே தள்ளற எங்க அவுட்டோர் யூனிட் பெட்டி எல்லாம் அந்தப் பக்கம்தான் வருது. பவுனுன்னு ஒரு பொண்ணு, கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு சைட் ஆபீசுக்கே வந்துடுச்சு. ‘இன்னா சார், பொட்டிங்க எல்லாம் எங்க வூட்டப் பாத்து நிக்கப் போவுதாமே? கொயந்த தாங்குமா சார்?’ன்னு கேட்டுது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்த்தாச்சும்மா, உங்க பக்கம் சூடு வராதுன்னு சொன்னேன்.”

“வராதா?”

“கணக்குல வரலை.”

“பெட்டியை எல்லாம் மொட்டை மாடியில வைக்க முடியாதா?”

“வைக்கலாம். அங்கே முதலாளி தோட்டம் கேட்கறார். ஒரு வருஷ வேலை, எல்லாத்தையும் முதல்லேர்ந்து வரையணும்.”

மரகதம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் இது ஒரு பழக்கம். கேள்வி சூடு பிடிக்கும்போது நிறுத்திவிடுவார்.

தில்லைநாயகமே பேச்சை மாற்றினார்.

“அம்மா, இந்த மண்டபத்துக்கு என் செலவுல ஏசி போட்டுத் தரேன். அறுபது பேர் நிம்மதியா உட்காரட்டும்.”

வேண்டாம் என்பார், எளிமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். பதிலுக்குச் சொல்ல எட்டு வார்த்தை தயாராக வைத்திருந்தார்.

“போடுங்க,” என்றார் மரகதம்.

“போடலாமா?”

“தாராளமா போடுங்க. மண்டபத்துல இருக்கிற சூடு எங்கே போகும்?”

“வெளியே போயிடும்மா.”

“வெளியேன்னா?”

“பின்பக்கம் எங்கேயாவது.”

“எங்கேன்னு நீங்களே பார்த்து வையுங்க ஐயா. உங்களுக்குத் தெரியாததா?”

*

புதன்கிழமை தில்லைநாயகம் மண்டபத்தைச் சுற்றி வந்தார்.

கிழக்கே சமையல்கட்டு. அங்கே சமையல்காரி அஞ்சலை கரண்டியோடு நின்றாள்.

“இங்கே வெச்சீங்கன்னா என்னையும் சேர்த்துக் குழம்புல போட்டுடுங்க சார். ஒரேயடியா வெந்துடறேன்.”

வடக்கே வாசல். தெற்கே கிணற்றடி, பெண்கள் குளிக்கிற இடம்.

மேற்கே யாரும் இல்லை. ஓடு சரிந்த சின்ன அறை ஒன்று மட்டும் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. மண்டபத்தைப் பார்த்த பக்கம் ஒரு ஜன்னல், கதவில்லாமல் வெறும் கம்பியோடு. பழைய சாமான் போட்டு வைக்கிற அறை என்று அவர் நினைத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. அந்த மாதிரி அறையில் வேறு என்ன இருக்கும்?

மாலையில் மடிக்கணினியைத் திறந்து மடத்தை வரைந்தார். காற்று எங்கே போகும், சூடு எங்கே தேங்கும் என்று நிறம் நிறமாகக் காட்டும் கணக்கு அது. சின்னச் சின்னக் கட்டடங்கள் குறுக்கே இருந்தால் கணினி திணறும். அதனால் அவற்றை அழித்துவிட்டுக் கணக்குப் போடுவது அவர் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். மேற்கே இருந்த ஓட்டு அறையை அழித்தார்.

சென்னையிலும் அப்படித்தான் செய்திருந்தார். பவுனுவின் வீடும் மற்றப் பதினைந்து வீடுகளும் இருந்த இடம் வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்தது. வீடே இல்லாத இடத்தில் யார் வீட்டுக்குள் சூடு போகும்? இது பவுனுவுக்குத் தெரியாது. தில்லைநாயகத்துக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

படம் வந்தது. மேற்கே எல்லாம் நீலம், பச்சை. சூடு வந்த சுவடே தெரியாமல் கலைந்து போயிருந்தது.

“கணக்கு சரியா வந்துடுச்சும்மா,” என்று போய்ச் சொன்னார்.

“நல்லது,” என்றார் மரகதம்.

*

வியாழக்கிழமை ஆட்கள் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் சில்லென்று இருந்தது. விசிறி மட்டைகள் மூலைக்குப் போயின. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெளிகிற செட்டியார்கூட அசையாமல் உட்கார்ந்தார். தூங்கிவிட்டார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

தில்லைநாயகம் கண்ணை மூடினார். மூச்சு தானாக அடங்கியது. வந்த நாளாகக் கிடைக்காத அமைதி கிடைத்தது. பவுனு மனசில் வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

சனிக்கிழமை அவள் வரவே இல்லை.

அன்று மத்தியானமே ஆபீசுக்குப் போன் செய்தார். “திங்கக்கிழமை காலையில வந்து போட்டுடறேன். பேனாவை எடுத்து வைங்க,” என்றார். சொல்லும்போது குரலில் சிரிப்புகூட இருந்தது.

மரகதம் காலையும் மாலையும் மட்டும்தான் மண்டபத்தில் உட்காருவார். பகலில் வரமாட்டார். சனிக்கிழமை மாலை வந்தபோது அவர் உதடு வெடித்திருந்தது. முகம் கறுத்து, கண் சிவந்திருந்தது. ஏதோ விரதம் போலிருக்கிறது என்று தில்லைநாயகம் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தில்லைநாயகம் மண்டபத்தை விட்டு வெளியே வந்து அஞ்சலையைக் கேட்டார்.

“அம்மாவுக்கு என்னம்மா? உடம்பு சரியில்லையா?”

“ரெண்டு நாளா சோறே எறங்கலை சார். மோர் மட்டும் கொண்டுபோய் வெச்சேன். அதையும் அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எங்கே இருக்காங்க?”

“பகல்ல எங்கே இருப்பாங்க? அவங்க ரூம்லதான்.”

“அவங்க ரூம் எது?”

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதென்ன சார் கேள்வி? பத்து வருஷமா அவங்க இருக்கறது அந்த மேக்கால ஓட்டு ரூம்தான்.”

*

அவர் ஓடினார். அந்த வயதில் அந்த உடம்போடு அவர் ஓடியதை மடத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் கால் வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது. ஜன்னலுக்கு நேரே மூன்று அடி தூரத்தில் அவருடைய இரண்டு பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அறைக்குள் சாமான் ஒன்றும் இல்லை. ஒரு பாய், ஒரு பானை, ஒரு மாற்றுப் புடவை. பாயில் மரகதம் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத் துணி போட்டிருந்தார். அது காய்ந்துபோயிருந்தது.

“வாங்க ஐயா,” என்றார். குரல் கம்மியிருந்தது.

தில்லைநாயகத்தின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன வெப்பமானி இருக்கும். அதை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தொன்பது. இன்னொரு முறை பார்த்தார். அதே நாற்பத்தொன்பது.

“கணக்குல வரலையேம்மா. சத்தியமா வரலை. பாருங்க.”

கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். மரகதம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“அழகா இருக்கு. இதுல இந்த அறை எங்கே?”

தில்லைநாயகம் படத்தை விரலால் பெரிதாக்கினார். அந்த இடத்தில் வெறும் பச்சைதான் இருந்தது.

“எங்கே ஐயா?”

“அழிச்சுட்டேம்மா.”

“ஓ.”

“கணக்கு சுலபமா வரணும்னு.”

மரகதம் கைபேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

தில்லைநாயகம் மண்டபத்துக்கு ஓடினார். சுவிட்சை அணைத்தார். உள்ளே இருந்தவர்கள் கண் விழித்து முணுமுணுத்தார்கள். செட்டியார் வாய்விட்டே திட்டினார். எதுவும் அவர் காதில் விழவில்லை. அஞ்சலையிடமிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மரகதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை தில்லைநாயகம் பக்கத்தில் மண்டியிட்டே இருந்தார். ஓடுகள் இன்னும் அனல் கக்கின. மூன்று நாள் குளிரில் உட்கார்ந்து, அமைதி கிடைத்துவிட்டது என்று தான் பூரித்துப் போயிருந்ததை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்னம்மா பண்ணியிருப்பேன்?”

மரகதம் தலையில் காய்ந்துபோயிருந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“மூணு நாளா இதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கீங்களே. நான் என்ன கல்லா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேனே அம்மா. ஏன் சொல்லலை?”

மரகதம் சொம்பைக் கீழே வைத்தார். முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

“பவுனு சொன்னாங்களே ஐயா.”