ஒழுகாத ஜாடி

தென்காசி உலகம்மாள், ஊறுகாயும் தொக்கும் கெடாமல் பாட்டிலில் அடைத்து வைக்கும் பக்குவத்தை வலைப்பூவில் எழுதுகிறவள். அதில் வரும் ஒரே விளம்பரம் ஒரு ஜாடிக் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி மேனேஜர் ஞானசிகாமணி, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"புது ஜாடி அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. தலைகீழாக் கவுத்தாலும் ஒரு சொட்டு ஒழுகாதுன்னு இன்னைக்கே எழுதணும். இல்லேன்னா விளம்பரத்தை எடுத்துருவோம்."

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிருதேன் சார்," என்றாள் உலகம்மாள்.

மேனேஜர் கால்மேல் கால் போட்டுக் காபி குடித்தார். அவர் கிளம்பும்போது, உலகம்மாள் அந்தப் புது ஜாடியிலேயே நல்லெண்ணெய் மிதக்க மாங்காய் ஊறுகாய் நிரப்பி, மூடியை அவர் கையாலேயே இறுக்கச் சொன்னாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோங்க சார்."

அவர் பையைத் திறந்தார். உள்ளே லேப்டாப் இருந்தது. ஜாடியைப் பார்த்தார். மறுபடி லேப்டாப்பைப் பார்த்தார்.

"ரெண்டு பிளாஸ்டிக் கவர் இருந்தாக் குடும்மா. நல்லாச் சுத்தி ரப்பர் பேண்டும் போட்டுரு."

உலகம்மாள் மூன்று கவர் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலமே விமர்சனம் வந்துவிட்டது.

"இந்த ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது என்று கம்பெனி மேனேஜரே வீடு தேடி வந்து சொன்னார். அதிலேயே ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன். லேப்டாப் பையில் வைக்க, கவர் கேட்டு வாங்கிச் சுற்றி எடுத்துப்போனார். எத்தனை ஸ்டார் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."