ஆள்காட்டிக் குருவியும் பெரிய மணல்குழியும்

மலையடிவாரத்துக் கோல்ஃப் மைதானத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. மரத்தில் கூடு கட்டும் வழக்கம் அதன் குலத்துக்கே கிடையாது. குளத்தோரம் இருந்த சின்ன மணல்குழியின் விளிம்பில், மண்ணோடு மண்ணாக முட்டைகள் கிடந்தன. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது.

தெரியாமல் இருந்தால் போதாதா? குருவிக்குத்தான் நிம்மதி இல்லை! பணக்காரர்கள் வண்டியில் வந்து இறங்கினால் கத்தும். பந்து பறந்தால் கத்தும். காற்றில் கம்பத்துக் கொடி ஆடினாலும் கத்தும். "போ! போ! இங்கே வராதே!" என்று தொண்டை வறள வட்டமடிக்கும்.

வேலியோரப் புதரில் ஒரு கீரி இருந்தது. ஒருநாள் காலை அது சாவகாசமாகப் புல்வெளியில் நடந்து வந்தது. கொடிப் பக்கம் போனது. குருவி லேசாகக் கத்தியது. கீரி குளத்துப் பக்கம் திரும்பியது. குருவி அலறியது!

கீரி சிரித்தது. "ரொம்ப நன்றி அக்கா! முட்டை எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னும் கொஞ்சம் கத்துங்க, இடத்தையும் தெரிஞ்சுக்கறேன்!"

குருவிக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஆட்டக்காரர்களின் வண்டி வந்தது. "இவங்க போகட்டும், வரேன்!" என்று கீரி புதருக்குள் பதுங்கியது.

"ஐயோ, நானே காட்டிக் கொடுத்துட்டேனே! இப்போ என்ன பண்ணுவேன்?" என்று குருவி, குளத்தில் நீந்திக்கொண்டிருந்த நாமக்கோழியிடம் புலம்பியது.

"இருடி, இந்த வேடிக்கையைப் பார்த்துட்டுப் பேசலாம்" என்றது நாமக்கோழி. தூரத்தில் ஓர் ஆட்டக்காரர் மட்டையோடு நின்றிருந்தார். அவருக்கு நேரெதிரே ஒரு பெரிய மணல்குழி வாயைப் பிளந்து கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு வியர்த்தது. அதில் பந்து சிக்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு என்று ஒதுக்கி அடித்தார். பந்து குளத்தில் விழுந்தது, தொப்!

"தினமும் இதே கூத்துதான்! அந்தக் குழியைக் காட்டிப் பயமுறுத்தி இந்தப் பக்கம் தள்ளி விடறான், மைதானத்தை அமைச்ச ஆள். குளம் இவங்க கண்ணுலயே படறதில்லை. கெட்டிக்காரன்டி!" என்று நாமக்கோழி சிரித்தது.

குருவி சிரிக்கவில்லை. பெரிய குழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டக்காரர்கள் போனதும் கீரி நேரே குளத்தோரம் வந்தது. முட்டைகளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று மோப்பம் பிடித்தது. புல்லில் ஒடுங்கியிருந்த குருவிக்குத் தொண்டை வரை கூச்சல் வந்துவிட்டது. ஒரு சத்தம் போட்டால் போச்சு! அலகை இறுக மூடிக்கொண்டது.

சத்தமில்லாமல் எழுந்து பெரிய குழிக்குப் பறந்தது. முட்டைகளைக் கீரியின் காலடியில் விட்டுப் போகும்போது அதற்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. குழிக்கு மேலே போனதும், அடக்கி வைத்த பயத்தையெல்லாம் சேர்த்து அலறியது. "ஐயோ! என் முட்டை! என் முட்டை!"

"அடடா, அங்கேயா இருக்கு!" என்று கீரி பாய்ந்தோடியது. குழி முழுவதையும் கிளறித் தள்ளியது. தோட்டக்காரர் பார்த்துவிட்டார். "இப்பத்தானே சீவி வெச்சேன்! அதுக்குள்ளயா?" என்று மணலைச் சீவும் வாரியை ஓங்கிக்கொண்டு வந்தார். கீரியின் முதுகில் பலமாக ஓர் அடி விழுந்தது. வேலியைத் தாண்டி ஓடிய கீரி அந்தப் பக்கம் மறுபடி தலைகாட்டவே இல்லை.

குருவி முட்டைகளின் மேல் வந்து அமர்ந்தது. பக்கத்திலேயே ஒரு பந்து வந்து விழுந்தது. குருவி வாயைத் திறக்கவில்லை.

பயம் எல்லோருக்கும் வரும். ஆனால் கண்டதற்கெல்லாம் கத்திப் பயத்தைக் காட்டுகிறவர், தாம் காக்க நினைத்ததையே எதிரியின் கையில் கொடுத்துவிடுவார்.