கலங்கல் இல்லாத குளம்

சடையாண்டியின் நிலத்தைக் கெடுத்தவன் மெய்யநாதன். பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பீர்கள்.

அரசர்கள் மரத்தடியில் உட்கார்ந்து வழக்குக் கேட்ட காலம் அது. மெய்யநாதன் கடற்கரைப் பட்டினத்தில் முத்து விற்றுச் சம்பாதித்தவன். அவன் ஒரு குன்றின் சரிவை விலைக்கு வாங்கினான். அங்கே ஓடிய ஓடையை மறித்து மண்கரை போட்டுக் குளமாக்கினான். பயிருக்கா? இல்லை. மாடு கன்றுக்கா? இல்லை. ஊர் குடிக்கவா? அதற்கும் இல்லை. விருந்தாளிகளோடு ஓடம் விட்டு விளையாட!

கரைக்கு நேர் கீழே சடையாண்டியின் சோளக்காடு இருந்தது. நல்ல கரிசல். வருஷா வருஷம் எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டு, கல் பொறுக்கி, வயிற்றைக் கட்டி அவன் வளர்த்த மண். அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

கரை போட்டவன் கரியான், மண் வெட்டுகிறவர்களின் தலைவன். அவன் கரையின் ஒரு கோடியில் கல் பாவித் தாழ்வாக ஒரு வழி விட்டிருந்தான். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் அந்த வழியாகப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிடும். அந்த நாட்டில் அதற்குக் கலங்கல் என்று பெயர். பட்டினத்தில் பிறந்த மெய்யநாதனுக்கோ கலங்கல் என்றால் கலங்கின தண்ணீர். வேறு பொருள் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

முதல் மழைத் தண்ணீர் செக்கச் செவேல் என்று வந்தது. ஓடத்தில் போன விருந்தாளி ஒருவரின் வெள்ளைப் பட்டில் சேறு தெறித்தது. மெய்யநாதன் கரையில் நின்று கத்தினான்.

"கரியா! நாளைக்குள் இந்தக் குளத்தில் கலங்கலே இருக்கக் கூடாது!"

"கலங்கல் இல்லாமல் எப்படிங்க ஐயா?"

"எதிர்க்கேள்வி கேட்கவா உனக்குச் சோறு போடுகிறேன்? கூடாது என்றால் கூடாது!"

கரியான் தலையைச் சொறிந்தான். பெரிய இடத்து உத்தரவு. கல்லும் மண்ணும் கொட்டி அந்த வழியை அடைத்தான். சில நாளில் சேறு தானாக அடியில் படிந்தது, தண்ணீர் தெளிந்தது. தன் அதட்டலுக்குத்தான் தெளிந்தது என்று மெய்யநாதன் மீசையை முறுக்கிக்கொண்டான்.

சடையாண்டி ஓடி வந்தான். "ஐயா, கலங்கல் போச்சுங்களே!"

"போகட்டும் என்றுதானே சொன்னேன்? கண்ணாடி மாதிரி இருக்கிறது பார்."

"கலங்கல் இல்லாமல் குளம் நிற்காதுங்க."

"சேற்றிலேயே கிடக்கிறவனுக்குச் சேறு இல்லாவிட்டால் தூக்கம் வராது போல!" என்றான் மெய்யநாதன். ஓடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த மழையில் தண்ணீர் கரையின் தலையைத் தொட்டது. கீழ்ப்பக்கம் கசிந்தது. சடையாண்டி மறுபடி வந்தான். "ஐயா, கரை கசிகிறது. என் காடு கீழே இருக்கு."

"கூலி இல்லாமல் உனக்குத் தண்ணீர் பாய்கிறது. கும்பிட்டுவிட்டுப் போ."

மூன்றாம் முறை வானம் இடிந்து கொட்டியது. சடையாண்டி மெய்யநாதன் வீட்டு வாசற்கதவைத் தட்டினான், திறக்கவில்லை. உள்ளே மத்தளச் சத்தம். பொறுக்க மாட்டாமல் மண்வெட்டியோடு கரைக்கு ஓடி, அடைத்த வழியைத் தானே வெட்டினான். நாலு கூடை மண் தள்ளுவதற்குள் காவலாட்கள் பிடித்து ஓடத்துறைத் தூணில் கட்டினார்கள். கரையை உடைக்க வந்த திருடனாம்!

தூணில் கட்டுண்டபடியே அவன் பார்த்தான். கரை பிளந்தது. குளம் மொத்தமும் அவன் காட்டின் மேல் விழுந்தது. முற்றிய சோளம் போயிற்று. கரிசல் போயிற்று. அடிப்பாறை பல்லை இளித்தது.

வழக்கு அரசரிடம் போனது. மெய்யநாதன் கையை விரித்தான். "நான் சொன்னது சேற்றுக் கலங்கல். இந்த முட்டாள் கரியான் கரைக் கலங்கலை அடைத்துவிட்டான். என்மேல் என்ன தப்பு?"

அரசர் கேட்டார்: "கரியான் எப்படி என்று கேட்டான், நீ அதட்டினாய். சடையாண்டி கலங்கல் போச்சு என்றான், நீ சிரித்தாய். எந்தக் கலங்கல் என்று ஒரு தடவையாவது நீ திருப்பிக் கேட்டாயா?"

"கேட்கவில்லை" என்றான் மெய்யநாதன்.

"அப்படியானால் அவன் காட்டுக்கு மண் போட்டுக் கொடு" என்று அரசர் தீர்ப்புச் சொன்னார்.

அந்த மாதமே அரசர் போருக்குப் போனார். மெய்யநாதன் வண்டி வண்டியாக மண் அனுப்பினான். என்ன மண்? எருக்கஞ்செடிகூட முளைக்காத சரளைச் செம்மண்!

"இது என் மண் இல்லைங்களே!" என்று அலறினான் சடையாண்டி.

"மண் என்றுதானே அரசர் சொன்னார்? எந்த மண் என்று சொன்னாரா?" என்றான் மெய்யநாதன். இப்போது அவனுக்கு ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று நன்றாகத் தெரிந்திருந்தது, பாருங்கள்!

போருக்குப் போன அரசர் திரும்பவில்லை. புதிதாகப் பட்டமேறியவர் முறையீடு கேட்கவில்லை. மெய்யநாதன் மறுபடி கரை கட்டியதும், அவர்தான் அந்தக் குளத்தில் முதல் ஓடம் ஏறினார்.

சொல் புரியாமல் தவறியவனை மன்னிக்கலாம், ஆனால் எச்சரிக்க வந்தவன் சொன்னதைக் காதில் வாங்காமல் சிரித்தவனை மன்னிக்கவே கூடாது.

மெய்யநாதனும் செத்தான், சடையாண்டியும் செத்தான். இருவருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கரிசல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.