பிந்தி வரும் பாட்டு

மங்கையர்க்கரசி கணக்கு டீச்சர். பள்ளியில் பாட்டு டீச்சர் மாற்றலாகிப் போனதும் எட்டாம் வகுப்பின் இசைப் பாடம் அவர் தலையில் விழுந்தது. அவர் அசரவில்லை. தாளம் ஏழு, அதன் ஜாதி ஐந்து, பெருக்கினால் முப்பத்தைந்து. அட, இதுவும் நம்ம கணக்குதானே என்று புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

வினை எடுப்பில் வந்தது. தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்தான் எடுப்பு. இரண்டும் சேர்ந்து தொடங்கினால் சமம். பாட்டு முந்தினால் அதீதம், பிந்தினால் அனாகதம். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

கடைசி பெஞ்சு சுகந்தி எழுந்தாள். "பிந்துனா தப்புதானே டீச்சர்? தப்புக்கு எதுக்குப் பேரு?"

"பரீட்சையில கேப்பாங்க, எழுதணும். உட்காரு."

சொன்ன பதில் அவருக்கே கசந்தது. கணக்கு வகுப்பில் அவர் ஒருநாளும் எந்தப் பிள்ளையையும் அப்படி வாயடைத்ததில்லை. நாளைக்கு மறுபடி அதே வகுப்பு. எந்த முகத்தோடு போய் நிற்பது?

சாயங்காலமே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு பஸ் ஏறினார். அங்கே பாட்டு சொல்லித்தரும் பொற்கொடிக்கு அவர் மகள் வயதுதான். அதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. சுகந்தி கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டு, "நீங்கதான் சொல்லணும், குருவே" என்றார்.

பொற்கொடி மைதானத்தைப் பார்த்தாள். இரண்டு பெண்கள் நீளக் கயிறு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, போய் அதுக்குள்ள குதிங்க."

"நானா? இந்த முழங்காலை வச்சுக்கிட்டா?"

"குருன்னு சொன்னீங்கல்ல?"

மங்கையர்க்கரசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். கயிறு கணுக்காலில் சுளீரென்று விழுந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வலியோடு அவரும் சிரித்துவிட்டார்.

"இன்னொரு தடவை சுத்துங்கடி!"

இந்தத் தடவை பாயவில்லை. ஓரமாக நின்றார். கயிறு தரையைத் தட்டத் தட்ட அவர் தலை தானாக ஆடியது. பிறகு தோளும் ஆடியது. சட்டென்று உள்ளே போனார். கயிறு காலுக்கடியில் புகுந்து போனது. மறுபடி குதித்தார், மறுபடியும். எத்தனை வருஷமாயிற்று இப்படிக் குதித்து! வெளியே வரவே மனமில்லை.

மூச்சு வாங்க வந்தவரிடம் பொற்கொடி கேட்டாள். "அவங்க சுத்த ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு உள்ள போனீங்க! லேட்டுதானே அக்கா?"

"அதெப்படி லேட்டாகும்? வெளிய நிக்கும்போதே நான் கயிறு கூடத்தானே ஆடிக்கிட்டிருந்தேன்!"

சொன்ன கையோடு, "அட, கயிறுதான் தாளம், பிந்திப் போன நான்தான் அனாகதம்!" என்றார்.

"இதை சுகந்திகிட்ட சொல்லிடாதீங்க அக்கா" என்றாள் பொற்கொடி. "நாளைக்கு ஒரு கயிறு எடுத்துட்டுப் போங்க."