அறுபத்திரண்டு தென்னையும் ஒரு பெட்டியும்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் மேகலா டீச்சர். சீடர் முப்பது வருஷம் மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்ற தெய்வசிகாமணி. ஏறினது போதும், இனிக் கம்பிக்குள் என்ன ஓடுகிறதென்று பார்க்கலாம் என்று இரண்டு வருஷமாக அவளிடம் வந்துகொண்டிருக்கிறார்.

மே மாதத்து மத்தியானம். கல்லூரி விடுமுறை. லேபில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. மேகலா சிவப்பு மை தீர்ந்துபோகும் அளவுக்கு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தி, கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

சிகாமணி உள்ளே வந்தார். கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்தார். செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் ஸ்டூலில் சாய்ந்தார்.

"தண்ணி குடிங்கண்ணா."

"குடிச்சாச்சுங்க. மூணு நாளா தோப்பு வெயில்ல தண்ணிதான் குடிக்கறேன். சோறு எறங்கல."

பெட்டி அவர் செய்தது. தென்னைக்குள் குடைகிற கூன்வண்டுப் புழுவின் சத்தத்தைக் கேட்கிற பெட்டி. மரத்தில் ஓர் ஆணியை அறைந்து, அதன் தலையில் ஒட்டிய, அதிர்வை மின்சாரமாக்கும் பித்தளை வில்லை வழியாகச் சத்தத்தை எடுத்து, ஃபில்டருக்குள் விட வேண்டும். ஃபில்டர் புழு கடிக்கும் சுருதிக்கு மட்டும் வழி விடும். அதற்கு மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் வாசலிலேயே நிறுத்திவிடும். வழி கிடைத்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும், கூடவே சிவப்பு விளக்கும் எரியும்.

"ராக்கியண்ணன் தோப்புல அறுபத்திரண்டு மரம் பாத்தேனுங்க. அம்பத்தொண்ணுல விளக்கு எரிஞ்சுது."

"அம்பத்தொண்ணா?"

"நேத்துப் பதினொண்ணை வெட்டியாச்சு. மிச்சம் நாப்பதுக்கு இன்னைக்கு நாலு மணிக்கு ரம்பக்காரங்க வர்றாங்க. வண்டு பக்கத்துத் தோப்புக்குத் தாவிருமாம். அவரு குரலைத்தான் நீங்க கேட்டதில்லியே." சிகாமணி நெஞ்சை நிமிர்த்தி, ராக்கியண்ணன் மாதிரியே பேசிக் காட்டினார். "'ஏப்பா சிகாமணி! உம்பட பெட்டி சொன்னா நா எம்பட தலையவே வெட்டிக்கறேன், தென்னை எம்மாத்தரம்!'"

மேகலா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு கொட்டாவியாக வந்தது.

"இப்ப உங்களுக்கு என்ன சந்தேகம்?"

சிகாமணி குரலை இறக்கினார்.

"காலையில யாருமில்லாதப்பப் போயி, வெட்டிப்போட்டதுல ஒரு மரத்தோட குருத்தைப் பொளந்து பாத்தேனுங்க. வெள்ளை வெளேர்னு இருக்குது. ஒரு ஓட்டை இல்ல. புழு இல்ல."

"ராக்கியண்ணன்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

சிகாமணி பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அதான் கேக்க வந்தேன். ஃபில்டரை இன்னும் கூர்மையாக்கணுமுங்களா?"

மேகலா பெட்டியைத் திறந்தாள். ஃபில்டருக்கு ஒரே ஒரு ஐசி சில்லு போதுமென்று அவள் வரைந்து கொடுத்திருந்தாள். உள்ளே மூன்று ஐசிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நீங்க சொன்னபடிதானுங்க மொதல்ல செஞ்சேன். காக்கா கத்துது, மோட்டார் ஓடுது, மட்டை ஒரசுது, எல்லாம் உள்ள வந்துச்சு. ஒரே எரைச்சல். அப்பறம் ரெசிஸ்டரை மாத்தி மாத்தி இறுக்கினேன். மூணு அடுக்கு வெச்சேன். இப்ப வேற சத்தமே வராது. பாருங்க." பையிலிருந்து கிராஃப் தாளை எடுத்துப் பிரித்தார். நடுவில் ஊசி மாதிரி ஒரே ஒரு சிகரம். லேமினேட் செய்திருந்தார். "சிக்னல் ஜெனரேட்டர்ல போட்டு ஒவ்வொரு புள்ளியா எடுத்தது. ரெண்டு நாள் ஆச்சு."

"அழகா இருக்குது."

"இல்லீங்களா பின்ன!"

"குமிழை மெதுவாத் திருகி எடுத்தீங்க."

"ஆமாங்க. அப்படித்தானே எடுக்கணும்?"

"ஒரு தட்டு தட்டிப் பாத்தீங்களா?"

"மரத்தைத்தானுங்க தட்டிப் பாப்பாங்க. சர்க்யூட்டை எதுக்குத் தட்டறது?"

மேகலா அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பைப் பெட்டியோடு இணைத்தாள். ஆணியின் முனையை மேசைமேல் வைத்து, சுண்டுவிரலால் மேசையைத் தட்டினாள்.

*ணிங்.*

விளக்கு எரிந்தது. ஸ்கோப்பில் கோடு நடுவில் பருத்து, இரு பக்கமும் சிறுத்து, மீன் மாதிரி படுத்தது.

ரெக்கார்டு நோட்டுக் குவியலில் ஆணியை வைத்துத் தட்டினாள்.

*ணிங்.* அதே மீன்.

சன்னல் கம்பியில் வைத்துத் தட்டினாள். அதே மீன்.

சிகாமணி எழுந்தார். ஆணியை வாங்கிச் சுவரில் வைத்துத் தட்டினார். தண்ணீர்க் குடத்தில் வைத்துத் தட்டினார். கடைசியில் தன் முழங்காலில் வைத்துத் தட்டினார்.

*ணிங்.* விளக்கு எரிந்தது.

"எம்பட முட்டியில வண்டு இருக்குதுங்க," என்றார். 

"ஃபில்டரை இவ்வளவு இறுக்கினா, மட்டை ஒரசினாலும் முட்டியைத் தட்டினாலும் அது மணி மாதிரி தன் சுருதியிலயேதான் அடிக்கும்ணா."

மேகலா சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். இரண்டு ஐசிகளைத் தாண்டி ஓர் ஒயரைப் பற்றவைத்தாள். மிச்சமிருந்த ஒன்றில் ரெசிஸ்டர்களைக் கழற்றி வேறு போட்டாள். அவள் கை மெதுவாகத்தான் நகர்ந்தது. சிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே கால்.

பிறகு மேசையைத் தட்டினாள். *டொக்.* நோட்டைத் தட்டினாள். *பொத்.* குடத்தைத் தட்டினாள். *டங்.* தட்டாதபோதும் ஸ்பீக்கர் சும்மா இல்லை. மின்விசிறி முனகியது. எங்கோ ஒரு காக்கை.

"மறுபடி எரைச்சல் வந்துருச்சுங்களே!"

"வந்துருச்சு."

"இதுக்குள்ள புழுவை எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் ஒரு மணி நேரம் உக்காந்து கேக்கணும்."

"அறுபத்திரண்டு மரத்துக்கா?"

"பதினொண்ணு போயாச்சே. நிக்கறது அம்பத்தொண்ணுதான்."

சிகாமணி போனை எடுத்தார். மறுமுனையில் ராக்கியண்ணன் எடுத்ததும் அந்தக் குரல் லேப் முழுக்க நிறைந்தது.

"ஏப்பா, ரம்பக்காரங்க வந்து டீ குடிச்சிட்டு இருக்கறாங்க. எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம்?"

"ஆரம்பிக்க வேண்டாமுங்கண்ணா. நிறுத்துங்க. பெட்டியில தப்பு இருக்குது. எந்த மரத்துல வண்டு இருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க."

இதுவரை கேட்காத சின்னக் குரலில் ராக்கியண்ணன் கேட்டார்:

"அப்ப நேத்து வெட்டுன பதினொண்ணு? அதுல வண்டு இருந்துதா, இல்லியா?"

சிகாமணி உள்ளங்கையால் போனை மூடினார். டீச்சர் பக்கம் குனிந்தார்.

"நாம் பாத்தது ஒண்ணே ஒண்ணுதானுங்க. மத்த பத்துலயும் இருந்திருக்கும். இருந்திருக்கும்தானுங்களே?"

மேகலா அயர்னைத் தாங்கியில் வைத்தாள்.

"மூணு நாளா எதைத் தட்டுனாலும் உங்களுக்கு வேணுங்கற சத்தமே வந்துச்சு. இப்ப என்னையும் தட்டிப் பாக்கறீங்களாண்ணா?"